உருளைக்கிழங்கு அறையின் கதவு

லாக் நுவார், மெய்ன்
30 செப்டம்பர் 1956

தம்பி லெயோனித்துக்கு,

அக்கா வித்தலீன் எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே இரண்டு பேரும் மூச்சு விடுகிறோம். அதில் ஒருவர் ஊருக்கே கேட்கும்படி விடுகிறார். நீ அங்கே கனெக்டிகட்டில் தகரம் தட்டித் தட்டிச் செவிடாகிவிடவில்லையே? ஆகியிருந்தாலும் பரவாயில்லை, கடிதம் படிக்கக் காது தேவையில்லை.

கிழங்கு தோண்டி முடிந்தது. வசந்தத்தில் நடுவதற்கு நாற்பது பீப்பாய் விதைக்கிழங்கு நிலவறையில் இறங்கிவிட்டது. உன் அத்தான் ஒரு கூடைகூடத் தூக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. ஒரே வருஷத்தில் இரண்டு தடவை நுரையீரல் காய்ச்சல். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னொரு தடவை நெஞ்சுல குளிர் ஏறுச்சுன்னா வீட்ல வச்சுப் பாக்க முடியாதும்மா. கன்னியாஸ்திரிங்க விடுதியில சேத்துடணும்" என்றார். தனியாகச் சொல்லி என்ன? அந்த மனுஷனுக்கு நுரையீரல்தான் போச்சு, காது போகவில்லை. வீட்டு வாசலில் இறங்கினதும் சொன்னார்: "எங்கப்பன் அந்த விடுதிக்குள்ள நடந்து போனான், பெட்டியில வந்தான். நான் போகமாட்டேன், வித்தலீன்."

"யாரு உங்களக் கூட்டிட்டுப் போறா? உங்க குறட்டைக்கு அவங்க தனி வாடகை கேப்பாங்க" என்றேன். சிரித்தார். ஆனால் என் கையை விடவில்லை.

இப்போது விஷயம். நிலவறையில் இருக்கிற விறகு உலை வண்டி வண்டியாக மேப்பிள் கட்டையைத் தின்கிறது. சூடெல்லாம் கூடத்துத் தரையில் இருக்கிற ஒரே கம்பித்தட்டி வழியாக மேலே வந்து அங்கேயே நின்றுவிடுகிறது. கூடத்தில் வெண்ணெய் உருகுகிறது, உன் அத்தான் படுக்கிற பின்னறையில் குடிதண்ணீர் உறைகிறது. நம் ப்ளோய் ரொட்டி மாதிரிதான் இந்த வீடும், ஒரு பக்கம்தான் வேகும். கூடத்தில் கட்டில் போடுகிறேன் என்றால், "கூடத்துல பொணத்தத்தான் கிடத்துவாங்க" என்கிறார்.

ஊரார் வீட்டுக்கெல்லாம் சூட்டுக்காற்றுக்கு வழி காட்டுகிறாயே, அக்கா வீட்டுக்கும் காட்டு. அவரை இந்தக் குளிர்காலம் வீட்டிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியது.

உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிற பாவப்பட்ட பெண் எங்கிருந்தாலும் அவளுக்கும் என் விசாரிப்பு.

வித்தலீன்


பிரிஸ்டல், கனெக்டிகட்
9 அக்டோபர்

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும் வணக்கம். நான் சுகம். கை விரல் பத்தும் இன்னும் இருக்கின்றன.

உன் வீட்டுக் குறை உலையில் இல்லை. ஒரு அறைக்குள் சூட்டுக்காற்று வரவேண்டுமானால் அங்கே இருக்கிற குளிர்க்காற்று முதலில் இறங்கிப் போகவேண்டும். நிறைந்த பஸ்ஸில் யாராவது ஏறமுடியுமா? அதனால் இரண்டு வேலை. பின்னறைத் தரையில் கட்டில் பக்கமாக ஒரு துளை. அதற்கு, உலையைச் சுற்றியிருக்கிற தகரச் சட்டையிலிருந்து ஒரு குட்டைக் குழாய். அது சூடு ஏறிவர. வடக்குச் சுவர் ஓரமாக இன்னொரு துளை. அதிலிருந்து நீளக் குழாய் நிலவறைக் கூரையோடு ஓடி உலையின் அடியில் பொருத்துகிற மின்விசிறியின் வாய்க்குப் போகவேண்டும். அது குளிர் இறங்கிவர. விசிறியையும் இரண்டு குழாயையும் ரயிலில் அனுப்புகிறேன். பின்பக்கம் படம் போட்டிருக்கிறேன்.

அக்கா, ஒன்றைச் சிரிக்காமல் படி. விசிறி நீளக் குழாய் வழியாகத்தான் காற்றைக் குடிக்கவேண்டும். உலைக்குப் பக்கத்தில் இருக்கிற காற்றைக் குடித்தால், புகைபோக்கியில் மேலே போகவேண்டியதையும் சேர்த்து உறிஞ்சி அறைக்குள் ஊதும். புகை என்றால் கண் எரியும், தெரிந்துவிடும். நெருப்பை மட்டாக அடக்கி வைக்கும்போது வருகிற வாயுவுக்கு நிறமும் கிடையாது, வாசமும் கிடையாது. ஆளைத் தூங்கவைத்தே கொன்றுவிடும்.

சகல பரிசுத்தர் திருநாளுக்கு லீவு கிடைத்தால் நானே வந்து பொருத்துகிறேன். கிடைக்காவிட்டால் உன் பக்கத்துப் பண்ணைப் பத்ரீஸ் செய்துவிடுவார்.

தம்பி லெயோனித்


லாக் நுவார்
28 அக்டோபர்

தகரக்காரத் தம்பிக்கு,

நாங்கள் நலம். உன் விசிறி இங்கே எங்களைவிட நலம்.

பத்ரீஸைத் தெரியுமே, அடுத்த பண்ணைக்காரர், ஆணி ஒன்று அடித்தால் கதை மூன்று சொல்லுவார். அவர் வந்து பின்னறைத் தரையை அறுத்தார். உன் அத்தான் கட்டிலில் படுத்துக்கொண்டே மேற்பார்வை பார்த்தார். "பத்ரீஸு, எனக்குக் குழி வெட்டுறியா, துளை வெட்டுறியா?" "ரெண்டுக்கும் ஒரே கூலிதான், ஓனேசீம். பேசாம படு." இப்படியே நாள் முழுக்க.

சாயங்காலம் விசிறியைப் போட்டோம். ஐந்து நிமிஷத்தில் ஜன்னல் கண்ணாடியில் பிடித்திருந்த பனி அழுதது. உன் அத்தான் காலுறையைக் கழற்றினார். பதினான்கு வருஷத்தில் அக்டோபரில் அந்தக் கால் வெளியே வந்தது இதுவே முதல் தடவை. பார்க்க அழகாக ஒன்றும் இல்லை.

குளிர் நுழையாமல் வீட்டைச் சுற்றி அஸ்திவாரத்துக்கு ஊசியிலை மரக் கிளை போட்டு அடைத்தாயிற்று. இந்த வருஷம் அடியில் தார்க் காகிதமும் சுற்றினேன். நிலவறை ஜன்னலில் கந்தல் திணித்தேன். ஒரு எறும்பு உள்ளே வரவேண்டுமென்றாலும் கதவைத் தட்டித்தான் வரவேண்டும்.

கோழிகளுக்குப் புதுத் தண்ணீர்த்தொட்டி வந்திருக்கிறது. ராணிகள் மாதிரி வரிசையாக நின்று குடிக்கின்றன.

நீ வருவாய் என்று ரொட்டியில் தடவித் தின்னப் பன்றி இறைச்சி அரைத்து வேகவைத்து வைத்திருக்கிறேன். வராவிட்டால் பத்ரீஸ் தின்பார், அவர் வயிற்றைப் பற்றி எனக்குக் கவலை இல்லை.

அக்கா


பிரிஸ்டல்
6 நவம்பர்

அன்பு அக்கா,

சுகமா? லீவு கிடைக்கவில்லை. குளிர் ஆரம்பித்ததும் எல்லோருக்கும் எங்கள் கடை ஞாபகம் வந்துவிடுகிறது. வாரத்தில் ஏழு நாளும் வேலை. மன்னித்துக்கொள்.

அறை சூடானது சந்தோஷம். ஆனால் நீளக் குழாயைப் பற்றி நீ ஒரு வரியும் எழுதவில்லை. வடக்குச் சுவரோரம் துளை போட்டாயிற்றா? குழாய் விசிறி வாயோடு சேர்ந்ததா? அத்தானை விசாரித்ததாகச் சொல்.

லெயோனித்


லாக் நுவார்
26 நவம்பர்

தம்பிக்கு ஆசீர்வாதம்.

உன் அத்தான் தேறிவிட்டார். கன்னம் இரண்டும் புதுமாப்பிள்ளை மாதிரி சிவந்திருக்கிறது. நேற்று வந்த பங்குத் தந்தைகூட, "என்ன ஓனேசீம், திருட்டுத்தனமா ஒயின் குடிக்கிறியா?" என்றார். இருமல் குறைந்துவிட்டது. சாயங்காலம் ஆறு மணிக்குப் படுத்தால் காலை எட்டு மணிக்குத்தான் எழுகிறார். "என்ன மகாராஜா, தர்பாருக்கு நேரமாச்சு" என்று மூன்று தடவை உலுக்கவேண்டியிருக்கிறது. டாக்டரும் பார்த்துவிட்டு, இந்த நிறம் இருந்தால் விடுதிப் பேச்சே வேண்டாம் என்றார். அன்றைக்கு உன் அத்தான் இரண்டு ப்ளோய் கூடுதலாகத் தின்றார்.

நேற்று புனித கத்தரீனா நாள். சர்க்கரைப்பாகு காய்ச்சி மிட்டாய் இழுத்தோம். நான் அளவில்லாமல் தின்றுவிட்டேன் போலிருக்கிறது, இன்று தலை இடிக்கிறது. போன வாரமும் இடித்தது, போன வாரம் மிட்டாய் இல்லை. வயசு என்று வைத்துக்கொள்வோம். பத்ரீஸ், "உன் தலைக்குள்ள இடிக்கிறதுக்கு என்ன இருக்கு வித்தலீன்?" என்று கேட்டுவிட்டு, அரை மணி நேரம் பின்னறையில் உட்கார்ந்து அவரும் நெற்றியைப் பிடித்துக்கொண்டு போனார். கர்த்தர் உடனுக்குடன் கணக்குத் தீர்க்கிறார்.

விதைக்கிழங்கு கல் மாதிரி இருக்கிறது. கதவைச் சாத்தியே வைத்திருக்கிறேன்.

கோழிகள் முட்டையைக் குறைத்துவிட்டன. தொட்டி மட்டும் பளபளவென்று இருக்கிறது.

வித்தலீன்


பிரிஸ்டல்
5 டிசம்பர்

அக்கா,

எல்லோரும் நலம்தானா என்று இந்தத் தடவை சும்மா கேட்கவில்லை.

கோழியைப் பற்றி எழுதாதே. மூன்றுக்கு மட்டும் பதில் எழுது. நீளக் குழாய் போட்டாயா இல்லையா? தலைவலி வெளியே போனால் விடுகிறதா? கதவு என்று எழுதினாயே, எந்தக் கதவு? நான் பார்த்தபோது உன் நிலவறையில் கதவு ஏதும் இல்லை.

உடனே எழுது.

லெயோனித்


லாக் நுவார்
17 டிசம்பர்

தம்பிக்கு,

நலம். நேற்றே எழுத உட்கார்ந்தேன், மேசையிலேயே தூங்கிவிட்டேன். கன்னத்தில் மை. உன் அத்தான் பார்த்திருந்தால் ஒரு வாரம் சிரித்திருப்பார், அவரும் தூங்கிக்கொண்டிருந்தார்.

நீ வாத்தியார் மாதிரி மூன்று கேள்வி கேட்டிருக்கிறாய். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள், பொறுத்துக்கொள்.

தலைவலி வெளியே போனால் விடுகிறது. தொழுவத்துக்குப் போய் மாட்டின் வயிற்றில் நெற்றியை வைத்துப் பால் கறந்தால் சரியாகிறது. மாட்டுக்கு வைத்தியம் தெரியும் போல. பூனைதான் போன மாதத்திலிருந்தே வீட்டுக்குள் வரமாட்டேன் என்கிறது. தொழுவத்திலேயே படுக்கிறது.

கதவு உன் அத்தான் மூன்று வருஷம் முன்னால் போட்டது. உலை சூட்டில் கிழங்கு முளைக்கிறது என்று நடுவில் இரட்டைப் பலகைச் சுவர் கட்டி, உள்ளே மரத்தூள் திணித்து, கதவுக்குக் கம்பளி ஓரம் அடித்தார். அந்தப் பக்கம் கிழங்கு, இந்தப் பக்கம் உலை. உலை அறை இப்போது பெட்டி மாதிரி இறுக்கம்.

நீளக் குழாய் போடவில்லை. போடவேண்டுமானால் அந்தச் சுவரை உடைத்துக் கிழங்குக்கு மேலே கொண்டுவரவேண்டும். பத்ரீஸ் ரம்பத்தை எடுத்தார். உன் அத்தான், "கிழங்கு முளைச்சுப் போச்சுன்னா நான் பொழச்சு என்ன பண்ண? ரம்பத்தக் கீழ வை" என்றார். தகரக்காரன் எல்லா வியாதிக்கும் தகரம்தான் மருந்து என்பான் என்று நானும் விட்டுவிட்டேன். விசிறிக்குக் காற்றுதானே வேண்டும், அந்த அறையிலும் காற்றுதானே இருக்கிறது.

அவர் நல்ல சிவப்பு. சாப்பாடுதான் இறங்கவில்லை. நேற்று என்னைப் பார்த்து அவர் அம்மா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நான் கேலி செய்தேன்.

நேற்றே எழுத உட்கார்ந்தேன், தூங்கிவிட்டேன். இதை எழுதிவிட்டேனோ.

அக்கா


தந்தி
பிரிஸ்டல், 27 டிசம்பர் 1956

உன் கடிதம் இன்றுதான் வந்தது. விசிறியை நிறுத்து. உலையை அணை. ஜன்னல் எல்லாம் திற. அத்தானை அந்த அறையிலிருந்து வெளியே கொண்டுபோ. உடனே. லெயோனித்.


லாக் நுவார்
2 ஜனவரி 1957

தம்பிக்கு,

எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை.

ஓனேசீம் 26ஆம் தேதி காலையில் போய்விட்டார். ப்ளோயும் தேநீரும் எடுத்துக்கொண்டு போனேன். "என்ன மகாராஜா" என்றேன். மூன்று தடவை சொன்னேன். முகம் சிவப்பாகவே இருந்தது.

டாக்டர் வந்து நுரையீரல் என்று எழுதிக்கொடுத்தார். கூடத்தில்தான் கிடத்தினோம், அவர் சொன்ன மாதிரியே. பூசை 29ஆம் தேதி நடந்தது. பனிப்புயலில் தந்திக்கம்பி விழுந்திருந்ததாம். கோயில் படியில் இறங்கும்போதுதான் கடைக்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டு உன் தந்திக் காகிதத்தை நீட்டினார். அங்கேயே நின்று படித்தேன்.

மண் உறைந்துகிடக்கிறது, குழி வெட்ட முடியாது. குளிர்காலத்தில் இறந்த மற்றவர்களோடு கல்லறைத் தோட்டத்து ஓரத்தில் இருக்கிற கல் கட்டடத்தில் வைத்திருக்கிறார்கள். மே மாதம் அடக்கம். நீ இப்போது வரவேண்டாம், சாலை மூடிவிட்டது.

விடுதிக்குப் போகவில்லை. அது ஒன்று.

வித்தலீன்


பிரிஸ்டல்
12 ஜனவரி

என் அருமை அக்காவுக்கு,

என்ன எழுதுவது என்று தெரியாமல் நாலு காகிதம் கிழித்துவிட்டேன். நான் வந்திருக்கவேண்டும்.

டாக்டர் நுரையீரல் என்றால் நுரையீரல்தான். அவருக்குத் தெரியாதா? இரண்டு தடவை வந்தது மூன்றாம் தடவையும் வந்தது. தந்தியை நினைத்துக் குழப்பிக்கொள்ளாதே. அந்த வகை விசிறியில் மோட்டார் சூடாகித் தீப்பிடிக்கிறது என்று கடையில் ஒரு பேச்சு வந்தது, பயந்து அடித்தேன். வேறொன்றும் இல்லை. விசிறியைக் கழற்றி எனக்கே அனுப்பிவிடு. உலை அறைக் கதவைக் கொஞ்சம் திறந்தே வை, ஈரம் அடையாமல் இருக்கும்.

நன்றாகச் சாப்பிடு. நன்றாகத் தூங்கு.

உன் லெயோனித்


பிரிஸ்டல்
3 மார்ச்

அக்கா,

எழுதி ஏழு வாரம் ஆகிறது. விசிறியும் வரவில்லை, ஒரு வரியும் வரவில்லை. திட்டியாவது எழுது. கோழியைப் பற்றியாவது எழுது.

லெயோனித்


லாக் நுவார்
12 மே 1957

தம்பி லெயோனித்துக்கு,

உயிரோடு இருக்கிறேன். இந்தத் தடவை அதை எழுதக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

நேற்று உன் அத்தானை அடக்கம் செய்தோம். மண் இளகிவிட்டது. பத்ரீஸ்தான் குழி வெட்டினார். வெட்டி முடித்துக் கரையேறி, "கூலி வேணாம், ஓனேசீம்" என்று சொல்லிவிட்டு ஆற்றுப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். நான் கேலி செய்யவில்லை.

இப்போது உன் பொய். நல்ல பொய், பத்திரமாக வைத்திருக்கிறேன். ஆனால் தகரக்காரா, மோட்டார் தீப்பிடிக்கும் என்று பயந்தவன், ஜன்னலைத் திற, அத்தானை வெளியே கொண்டுபோ என்று எதற்கு அடிப்பான்? அந்தப் படியில் நின்று படித்தபோதே புரிந்துவிட்டது. புரிந்ததை நம்பத்தான் இரண்டு மாதம்.

மார்ச்சில் ஒரு நாள் கீழே போனேன். உலையை மூட்டி நெருப்பை மட்டாக அடக்கினேன். கதவைச் சாத்தினேன். விசிறியைப் போட்டேன். ஒரு வைக்கோல் கொத்தைக் கொளுத்தி உலை வாய்க்கு முன்னால் பிடித்தேன். சுடர் உலைக்குள் சாயவேண்டும். என் பக்கம் சாய்ந்தது. விசிறியை நிறுத்தினேன், உள்ளே சாய்ந்தது. மறுபடி போட்டேன், மறுபடி என் பக்கம். படிக்காதவள் இல்லையா, பத்து தடவை செய்தேன். அப்புறம் மேலே வந்து முற்றத்துப் பனியில் உட்கார்ந்தேன். பூனை வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. அதற்கு நவம்பரிலேயே தெரியும். நான்தான் அந்த வாயு ஏற்றின சிவப்பை, உடம்பு தேறின சிவப்பு என்று நினைத்தேன்.

நீ மூன்று தடவை குழாயைப் பற்றி எழுதினாய். நான் இரண்டு தடவை கோழியைச் சொன்னேன். கோழிகள் குடித்த தொட்டி என்ன என்று உனக்கு எழுதவே இல்லை. உன் நீளக் குழாய்தான். நீளவாக்கில் பிளந்து, ஓரம் மடித்து, பத்ரீஸ் செய்தார். நான்தான் செய்யச் சொன்னேன். சும்மா கிடக்கிறதே என்று. அது இன்னும் பளபளவென்றுதான் இருக்கிறது. கோழிகளை விற்றுவிட்டேன்.

நீ வராதது உன் நெஞ்சில் கிடக்கும், எனக்குத் தெரியும், உன்னை வளர்த்தவள் நான். அதை நான் எடுக்க முடியாது. இதை நீ எடுக்க முடியாது. அவரவர் சுமையை அவரவர் வைத்துக்கொள்வோம். ஒருவருக்கொருவர் மறைக்க மட்டும் வேண்டாம்.

விதைக்கிழங்கைப் போன வாரம் வெளியே எடுத்தோம். நாற்பது பீப்பாய். ஒன்றுகூட முளைக்கவில்லை, ஒன்றுகூட அழுகவில்லை. அக்கம்பக்கத்துக்காரர்கள் கையில் எடுத்து உருட்டிப் பார்த்து, "இந்த மாதிரி விதைய இந்தப் பக்கத்துல யாரும் வச்சதில்ல வித்தலீன்" என்றார்கள். "அந்த மனுஷன் கட்டுன சுவரு அப்படி" என்றேன். நடுவதற்கு முன்னால் கொஞ்ச நாள் வெளிச்சமும் சூடும் காட்டவேண்டும் இல்லையா, பின்னறைத் தரையெல்லாம் பரப்பியிருக்கிறேன், அவர் கட்டில் மேலேயும். ஜன்னல் திறந்தே இருக்கிறது. நேற்று கல்லறையிலிருந்து வந்து பார்த்தேன், தலையணைப் பக்கம் கிடந்தவை முதலில் முளை விட்டிருக்கின்றன.

விசிறியை அனுப்பமாட்டேன். ரயிலில் போட்டுவிட்டு மறக்கிற சாமான் இல்லை அது. நீ வா. கிழங்கு நட்டு முடிவதற்குள் வா. ஒரு நீளக் குழாய் கொண்டுவந்து உன் கையால் போடு, இந்த டிசம்பரில் பின்னறையில் நான் படுக்கப்போகிறேன். சுவரை உடைக்கவேண்டுமே என்று யோசிக்காதே. பலகை எல்லாவற்றையும் நானே பெயர்த்துவிட்டேன். கதவைக் கடைசியாகக் கழற்றினேன். நல்ல காய்ந்த மரம், கம்பளி ஓரத்தோடு உலையில் வைத்தேன். ஒரு மணி நேரம் எரிந்தது. வீடு முழுக்க ஒரே சூடு.

அக்கா வித்தலீன்